உட்காருங்கண்ணே

ஊழியர்களின் மனநலத்தைப் பேணுவது எப்படி என்று ஆஸ்பத்திரி மேலாளர்களுக்கு ஆலுவாவில் ஒருநாள் பயிற்சி நடந்தது. மட்டாஞ்சேரியிலிருந்து நான் போனேன். வேறு யாரும் போகச் சம்மதிக்கவில்லை என்பதே என் தகுதி. கதவைச் சாத்து, எதிரில் உட்கார வை, கேள், குறுக்கே பேசாதே என்று காலையில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் என்ன செய்வது என்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பாட்டில் கரிமீன் இருந்தது. நான் தூங்கிவிட்டேன்.

எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்னைவிட மூத்தவர், என்னைப் போலவே தமிழ்க் குடும்பம். சில வாரங்களாக எங்கே போனாலும் தாமதம். கேட்டால் "டிராஃபிக்" என்பார். இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவரை அறைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன்.

"உட்காருங்கண்ணே."

என் மேசைக்கு எதிரே கிடந்த நாற்காலியில் ஊழியர்களை உட்காரச் சொல்வது இரண்டே சமயங்களில்: வீட்டில் மரணம், அல்லது வேலை போயிற்று. மற்ற நாளெல்லாம் நின்றபடி திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள். பயிற்சி கொடுத்தவருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும், ஞாபகம் வரவில்லை.

அவர் முகம் வெளுத்தது. "ஆரு மரிச்சது சாரே? அம்மையா?"

"யாரும் மரிக்கலண்ணே. உங்க மனசுல என்ன இருக்குன்னு..."

குறுக்கே பேசக்கூடாது என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். தலையைச் சாய்த்து அனுதாபமாகப் பார்த்தேன். என் அனுதாப முகம் பார்க்க எப்படி இருக்கும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் வண்டிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"மனசிலாச்சு சாரே. நேரே சொல்லியிருக்கலாம்ல. இதுக்கா கதவ அடச்சீங்க?"

காலை வகுப்பில் சாவி வரவில்லை. மதியம் வந்திருக்கலாம்.

"ஆயில் மாத்தணும்னீங்கல்ல," என்று உளறினேன். "வாங்க, ஒர்க்‌ஷாப் போலாம். நானும் வாறேன்."

முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன். ஜூ டவுன் தாண்டியதும் நேரே போகாமல் ஒரு சந்துக்குள் திருப்பினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பொறுமை என்று நினைக்க வேண்டாம்; திருப்பிய வேகத்தில் பேச்சு வரவில்லை. என் முகத்தைப் பார்க்க வேண்டியிராததாலோ என்னவோ, ரோட்டைப் பார்த்தபடி அவரே பேசினார்.

"போட் ஜெட்டி வழி போக முடியல சாரே. தண்ணில விழுந்த ஒரு கொச்சுப் பிள்ளைய அங்கருந்துதான் ஏத்தினேன். நம்ம கேட்டுக்கு வரும்போ உயிர் இல்ல. இப்ப அந்தப் பக்கம் திருப்பினா கை நடுங்குது. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா ஓட்டிருவேன். சும்மா இருந்தா போதும்."

"இப்ப நான் இருக்கேன்லண்ணே."

"நீங்களா?" ஏற இறங்கப் பார்த்தார். "செரி. இருக்கறத வச்சுப் பாப்போம்."

ஜெட்டி வழியே ஓட்டினார். அவர் கை நடுங்கியதா என்று தெரியாது. நான் கண்ணை மூடியிருந்தேன்.

மறுநாளிலிருந்து முன் இருக்கைக்கு ஓர் உதவியாளரைப் போட்டேன். ஆனால் அன்று திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவி தலைவிரி கோலமாக நின்றிருந்தாள். கூடவே பாதித் தெரு. என்னை ஆம்புலன்ஸில் பார்த்த யாரோ வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பல வாரங்களில் முதல்முறையாகச் சிரித்தார்.

"சாரே, சேச்சிய மட்டும் உட்காரச் சொல்லிராதீங்க."