குங்குமம் பட்ட படிவம்

வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைத் தபாலில் சேர்க்க வேண்டும். புதன்கிழமை ஆகியும் ஒரு சின்னச் சதுரத்துக்குள் சரி அடையாளம் போட என்னால் முடியவில்லை. நம் கோயில் மலரில் இதை வாசிக்கும் அடியார்களில் பலர் நோயிலும் உயிர் ஆபத்திலும் பிள்ளையாரைக் கூப்பிட்டவர்கள். அவர்கள் முன் என்னுடைய துன்பம் சிறியது. ஆனாலும் அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில் ஒரே நோயாளிக்கு இரண்டு தரம் காய்ச்சல் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மார்ச் மாதம். நாங்கள் ரொறொன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு மாடிக்கட்டடத்தில் பதினோராம் தளத்தில் இருந்தோம். நான் மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் தாதி. கணவர் மிசிசாகாவில் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை செய்தார். இரண்டு பெண்பிள்ளைகள். ஊரில் இருந்தபோது ஒரு நாளிதழில் மூன்று வருடம் மெய்ப்புப் பார்த்து அச்சுப் பிழை திருத்தினேன். அந்தப் பழக்கத்தில், கண்டதையும் கேட்டதையும் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்க எல்லைக்கு அப்பால், காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகம் என்னை முதுநிலைப் படிப்புக்கு எடுத்திருந்தது. படிவத்தில் இரண்டு சதுரங்கள். முதலாவது, தாதியர் நிர்வாகம். வகுப்புகள் சனி, ஞாயிறு மட்டும், அதுவும் ரொறொன்ரோவிலேயே. முடித்தால் மருத்துவமனையில் ஒரு வாட்டுக்குப் பொறுப்பாளராகலாம். இரண்டாவது, மனநலத் துறையில் தாதி மருத்துவர் படிப்பு. நோயாளியைத் தானே விசாரித்து, நோயை மதிப்பிட்டு, சிகிச்சை தொடங்கப் பழக்குவது. வாரத்தில் இரண்டு நாள் எல்லை தாண்ட வேண்டும். பனிக்காலத்திலும்தான். ஒரு முறை தெரிவு செய்தால் மாற்ற இயலாது என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது.

எனக்கு வேண்டியது இரண்டாவது. ஏன் என்று சொல்ல வேண்டும். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முந்திய மாரியில் எங்கள் பிரிவுக்கு ஒரு தமிழ்ப் பெண் வந்தார். ஆங்கிலம் தெரியாது. வைத்தியர் கேட்க, அவருடைய கணவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். அந்தப் பெண் சுவர் மணிக்கூட்டின்படி மூன்று நிமிடம் பேசினார். ஊரில் விட்டுவந்த மகனைப் பற்றி, பாலத்தைப் பற்றி, பத்தாம் மாடி பல்கனியைப் பற்றி. கணவர் வைத்தியருக்குச் சொன்னது ஒரே வரி: நித்திரை குறைவு. அவர் கெட்டவர் அல்ல. அந்நியனுக்கு முன்னால் பல்கனியைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். நான் வைத்தியரைத் தனியே கூப்பிட்டு மிச்சத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், கேட்டார், அன்றே சிகிச்சையை மாற்றினார். ஆனால் அன்று எனக்கு வேறு வாட்டில் வேலை போட்டிருந்தால்?

வீட்டுக்குப் போகும் நாள் அந்தப் பெண் என் கையைப் பிடித்தார்.

"நீங்களே கேட்டு நீங்களே மருந்து தர ஏலாதோ பிள்ளை?"

"இல்லையம்மா. அதுக்கு வேற படிப்பு."

"அப்ப படியுங்கோவன்."

கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னார். அந்த வாரமே விண்ணப்பித்தேன்.

விண்ணப்பிப்பது லேசு. தெரிவு செய்வதுதான் கடினம். புதன்கிழமை பின்னேரம் கணவரின் அக்கா ரெக்ஸ்டேலில் இருந்து வந்தார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்க முதலே தொடங்கிவிட்டார்.

"உனக்கு ஏன் மச்சாள் உந்த விசர் வேலை? உள்ளது காணாதெண்டு அதில மேற்படிப்பும் படிக்கப் போறியோ?"

"அது விசர் இல்லை மச்சாள். வருத்தம். சீனி வருத்தம் மாதிரி ஒரு நோய்."

"சீனி வருத்தக்காரரோட பழகினால் ஆரும் கதைக்க மாட்டினம். நாளைக்கு உன்ர பெட்டையளுக்குச் சம்பந்தம் பேசேக்க, தாய் என்ன செய்யிறா எண்டு கேப்பினம்."

"மூத்தவளுக்கு ஒன்பது வயது."

"வயது நிண்டுகொண்டே இருக்கப் போகுது?"

கணவர் சிரித்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இஞ்சேரும், நான் மறிக்கேல்ல. ஆனா கேக்கிறன். உந்தப் பட்டத்துக்கு இஞ்ச ஒன்ராரியோவில வேலை இருக்கோ?"

இல்லை. வாட்டின் பொறுப்பாளரிடம் கேட்டிருந்தேன். அப்படி ஒரு பதவி இங்கே இன்னும் இல்லை, வரலாம், வராமலும் போகலாம் என்றார். அதை நான் கணவரிடம் மறைக்கவில்லை. அவர் வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அது எனக்கு மச்சாளின் பேச்சைவிடக் கனமாக இருந்தது.

வியாழக்கிழமை முதலாவது சதுரத்தில் அடையாளம் போட்டேன். நிர்வாகம். போட்டுவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை படிவத்தோடு கோயிலுக்குப் போனேன். அப்போது நம் கோயில், கார் திருத்தும் கடைக்குப் பக்கத்தில் இருந்த பண்டகசாலை. முன்கதவைத் திறந்தால் கற்பூர வாசத்தோடு பெயின்ற் மணமும் வரும். நம் ஆட்கள் எந்த முக்கியமான தாளையும் சுவாமியின் காலடியில் வைக்காமல் அனுப்ப மாட்டார்கள். வீட்டு உறுதிப் பத்திரம், குடியுரிமை விண்ணப்பம், பிள்ளையின் பள்ளிப் பதிவு, எல்லாம். ஐயர் படிவத்தைத் தட்டில் வாங்கிப் பிள்ளையாரின் முன் வைத்தார். அர்ச்சனை முடிந்ததும் நாலு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்துத் தந்தார்.

நான் கேட்டது இதுதான். "பிள்ளையாரே, எனக்குத் துணிவில்லை. போட்டிட்டன். பிழையெண்டால் நீர்தான் திருத்த வேணும்." இதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

"காய விட்டு மடியுங்கோ, பிள்ளை," என்றார் ஐயர்.

எனக்கு ஒரு மணிக்கு வேலை. தபாற்கந்தோரில் வரிசை நிற்கும். நான் காயவிடவில்லை. மூன்றாக மடித்து உறையில் போட்டு ஒட்டி, கண்ணெதிரே முத்திரை குத்துவதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்தரை. விடுமுறை நாள். பருப்பு அடுப்பில். தொலைபேசி அடித்தது. பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்தில் இருந்து ஒரு பெண். முதலில் என் பெயரைச் சொல்ல அவர் பட்ட பாட்டில் சிரிப்பு வந்தது. பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"உங்கள் படிவத்தில் சிவப்பாகப் பெரிய கறை இருக்கிறது. கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். இரத்தமா? நீங்கள் நலமா?"

"நலம். அது குங்குமம். கோயிலில் வைத்தது."

"நல்லது, பயந்துவிட்டேன். ஆனால் அது இரண்டு சதுரங்களையும் மூடிவிட்டது. மையும் கரைந்திருக்கிறது. நீங்கள் எதைத் தெரிவு செய்தீர்கள் என்று தெரியவில்லை. சொன்னால் இப்போதே பதிந்துவிடுவேன்."

கறை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மேல் மூலையில் இருந்த ஈரச் சந்தனமும் குங்குமமும் மடித்தபோது நடுவில் இருந்த சதுரங்களில் அழுந்தியிருக்கின்றன. அவசரத்தில் மடித்தவள் நான். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் நாலு மூலைக் குங்குமத்தில், ஒரு பக்கம் முழுவதும் இருந்த எழுத்துகளில், அழிந்தது அந்த ஒரு கேள்விக்கான பதில் மட்டும். என் பெயர் அழியவில்லை. விலாசம் அழியவில்லை. கையெழுத்து அழியவில்லை.

ஊரில் அச்சுக்கூடத்தில் நாங்கள் பிழைகளைச் சிவப்பு மையால்தான் திருத்துவோம்.

"மனநலப் பிரிவில் இடம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"ஒன்று இருக்கிறது."

"அதுதான்," என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. நடுங்கவில்லை.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. நான் சமையலறையில் நின்று சிரித்தேன். கணவர் வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முன் சொன்னேன்.

"நீர் முதலாவதுக்கெல்லோ அடையாளம் போட்டனீர்?"

"ஓம்."

"பிறகென்ன?"

"பிள்ளையார் அழிச்சுப்போட்டார்."

அவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். "அப்ப அவரே காரும் ஓடுவாரோ, இல்லாட்டி நான் ஓடவோ?" என்றார். அடுத்த கிழமையே இரவு வேலைக்கு மாறிக்கொண்டார். முதல் பனிக்காலம் முழுவதும் வாரத்தில் இரண்டு நாள் அவரே என்னை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டு, நான் வகுப்பில் இருக்கும்போது காரில் நித்திரை கொண்டார். எல்லை அதிகாரி ஒருவர், "இன்றும் படிப்பா?" என்று கேட்கும் அளவுக்கு அந்த நீலக் கார் பழகிவிட்டது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் துள்ள வேண்டும் போல இருக்கிறது.

கடைசித் தேர்வு எழுதிய மாதமே, நான் வேலை செய்த பிரிவின் வைத்தியர் சமூக மனநல நிலையம் ஒன்று தொடங்குவதாகவும், தமிழ் தெரிந்த, இந்தப் படிப்புப் படித்த ஒருவர் வேண்டும் என்றும் கூப்பிட்டார். இல்லாதிருந்த பதவி உண்டானது. மருந்துச் சீட்டில் இன்னும் வைத்தியரின் கையெழுத்துத்தான். சட்டம் அவ்வளவு தூரம் வரவில்லை. ஆனால் விசாரிப்பது நான், மதிப்பிடுவது நான்.

போன மாதம் ஒரு பெண் தன் கணவரோடு வந்தார். கணவர் வழக்கம்போல முன்னால் வந்து, "இவவுக்கு நித்திரை இல்லை, அவ்வளவுதான்," என்றார். நான் அவரை வெளியே கதிரையில் இருக்கச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். "இப்ப சொல்லுங்கோ," என்றேன். அந்தப் பெண் நாற்பது நிமிடம் பேசினார். ஒரு வரியும் நடுவில் தொலையவில்லை. மச்சாளும் வருகிறார், நோயாளியாக அல்ல. தனக்குத் தெரிந்த ஒரு தாயைக் கையில் பிடித்துக் கூட்டி வந்து, "இவ என்ர மச்சாள்தான், பயப்பிடாதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

அடியார்களே, உங்களில் யாருக்காவது தெரிவு செய்யத் துணிவு போதாமல் இருந்தால், தாளைக் கோயிலுக்குக் கொண்டு வாருங்கள். உள்ளதை உள்ளபடி கேளுங்கள். பிழையாக அடையாளம் போட்டிருந்தாலும் வாருங்கள். நானும் அப்படித்தான் வந்தேன். காய விட்டு மடிக்கும்படி ஐயர் சொல்லுவார். அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்.