எழுபது வளைவுக்குக் கீழே ஏர்போர்ட்

ராத்திரி டாக்சி ஓட்டுகிறவனை யாரும் முழுசாக விழித்துப் பார்த்ததில்லை: ஏறும்போது தூக்கக் கலக்கம், இறங்கும்போது அவசரம். இந்தத் தொழிலில் உழல்கிறவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். மற்றவர்கள், ஏர்போர்ட் வாசலில் கொசு அடித்துக்கொண்டு யாருக்காவது ஒரு தடவை காத்திருந்தவர்கள் என்றால், நீங்களும் நம்ம கட்சிதான்.

எனக்குக் கொல்லிமலையில் ஒரு ஏழு சீட்டு வண்டி. மலையிலிருந்து ஏர்போர்ட், ஏர்போர்ட்டிலிருந்து மலை. ராத்திரிச் சவாரியாகப் பார்த்துப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. என் சம்சாரம் மல்லிகா வளைகுடாவில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போய் நாலு வருசம் ஆகியிருந்தது. மகள் நர்சிங் படிப்பில், ஹாஸ்டலில். பகல் எப்படியோ ஓடிவிடும். ராத்திரியில் ஊட்டுக்குள் என்னால் இருக்க முடியவில்லை.

சில கோடைகளுக்கு முன்னால், "ரெண்டு மாச லீவுல வாரேனுங்க" என்று அவள் போன் பண்ணினாள். திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே அந்த வீட்டுக்காரர்கள் எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். மகள் படிப்பு முடியப்போகிறது. இனிமேல் போக வேண்டாம், இங்கேயே இரு என்று நான் அவளிடம் சொல்லியாக வேண்டும். போக ஒத்துக்கொண்டதே நான்தான் என்பதால் போனில் வாய் வரவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று சவாரி மேல் சவாரியாக ஓட்டினேன். அந்தக் கோடையை இன்றைக்கு நினைத்தாலும் வண்டிக்குள் பலாப்பழம் மணக்கிறது.

உருண்டு போன குழந்தை

அந்த வருசம் டவுனிலிருந்து சில பிள்ளைகள் வந்து, மலைமேல் ஒரு மைதானத்தைப் பிடித்து, கோடை இசை விழா என்று போஸ்டர் ஒட்டினார்கள். விமானத்தில் வந்து இறங்கிய ஒரு பாட்டுக் குழுவை மேலே கொண்டுவரும் சவாரி எனக்கு. ஆள் நாலு பேர், சாமான் பத்துப் பேருக்கு. பெரிய டிரம் மட்டும் உள்ளே நுழையவில்லை. கேரியரில் வைத்துக் கட்டியது அதை வாசிக்கிற தம்பியேதான். "நான் கட்டுனா அவுறாதுண்ணா. டிரம்மு எனக்குக் குழந்த மாதிரி" என்றான்.

பாதி மலை ஏறியிருப்போம். ஒரு வளைவில் திருப்புகிறேன், தலைக்கு மேலே சரக்கென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் குழந்தை கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. தம்பி கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே ஓடினான். அவன் ரோட்டோடு ஓடினான். டிரம் சரிவில் குறுக்கே குதித்து அடுத்த ரோட்டுக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. மற்ற மூன்று பேரும் நானும் ஓரச் சுவரில் உட்கார்ந்து துக்கம் விசாரிக்கிற மாதிரிக் காத்திருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்து நின்றது. படிக்குப் பக்கத்துச் சீட்டில் தம்பி, மடியில் டிரம். ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கண்டக்டர் நமக்குப் பழக்கமானவர். தம்பிக்கு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க, நான் கீழிருந்து பாத்துட்டேதானுங்க இருந்தேன். வளைவுக்கு ஒரு அடி, தாளம் தப்பாம எறங்குச்சுங்க."

ராசா எங்கே

கிழிந்த டிரம்மில் டேப் ஒட்டிக்கொண்டு மறுநாள் விழா நடந்தது. டவுன்காரர்கள் எதிர்பார்த்த கூட்டம் மழையைப் பார்த்துவிட்டு வரவில்லை. எதிர்பார்க்காத கூட்டம் வந்தது. மலைமேலேயே எடப்புளி நாட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக, கம்பளியும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்குமாக வந்து மேடைக்கு முன்னால் ஈரத் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். டவுன் பிள்ளைகள் எழுந்து குதித்தபோது, "கண்ணு, மறைக்குது, உக்காரு சாமி" என்று சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள்.

நடுவில் மல்லிகா போன் பண்ணினாள். "என்னங்க இரைச்சல்?" என்றாள். போனை மேடைப் பக்கம் தூக்கிப் பிடித்தேன். ஒரு பாட்டு முழுக்க அங்கே அவளும் இங்கே நானும் கேட்டுக்கொண்டு நின்றோம். பாட்டு முடிந்ததும் சொல்லிவிடுவது என்று காதுக்குக் கொண்டு வந்தேன். சிக்னல் போயிருந்தது. மலையில் அது ஒன்றும் புதிதில்லை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

எல்லாப் பாட்டும் முடிந்து மேடை விளக்கை அணைத்தார்கள். டவுன்காரர்கள் கூடாரத்துக்குப் போய்விட்டார்கள். மலைக்காரர்கள் ஒருத்தரும் அசையவில்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் வசதியாக உட்கார்ந்தார்கள். விழா நடத்திய பெண் பயந்துபோய், முடிந்துவிட்டது என்று சொல்லச்சொல்லி என்னை அனுப்பினாள். போய்ச் சொன்னேன். மேடை போட்டு விளக்குக் கட்டினால் விடிய விடியக் கூத்து என்றுதான் அவர்களுக்குத் தெரியும். முன்வரிசையில் இருந்த மிளகுத் தோட்டக்காரர் ஒருவர் என் மேல் கோபப்படாமல், நியாயம் கேட்கிற குரலில் கேட்டார்: "மேளத்த மட்டும் தட்டிப்போட்டு, ராசா வேசம் வாரதுக்குள்ள வெளக்க அணச்சா எப்படீங்க?"

எதிரே யாரும் இல்லை

மலைரோட்டில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. இறங்குகிற வண்டி ஹாரன் அடித்து ஓரம் கட்டி நிற்க வேண்டும். ஏறுகிற வண்டி போன பிறகுதான் நகர வேண்டும். கை காலெல்லாம் அதற்குப் பழகிப்போனது. ஏர்போர்ட் பக்கத்தில் அடுக்கு மாடிப் பார்க்கிங் ஒன்று உண்டு. மலையைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு டவுன் அம்மணியையும் அவர் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மேல்மாடியிலிருந்து இறங்கினேன். வளைவு வந்தது. ஹாரன் அடித்தேன். ஓரம் கட்டினேன். ஏறுகிற வண்டிக்காகக் காத்திருந்தேன்.

பின்னால் ஏழெட்டு வண்டி சேர்ந்து கத்த ஆரம்பித்தன. இவர்களுக்கு ரோட்டு மரியாதையே தெரியவில்லையே என்று நொந்துகொண்டு நான் நகராமல் இருந்தேன். அந்த அம்மணி முன்னால் குனிந்து, நோயாளியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, இது இறங்குறதுக்கு மட்டும்தான். நீங்க எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் எதிர்ல யாரும் வரமாட்டாங்க."

பழம் தீரும்வரை

மலையைவிட்டு யார் வெளியூர் போனாலும் கையில் ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்புவார்கள். மலைக்குக் கீழே ராசிபுரத்துக்குப் போகிறவருக்கு அது சரி. மலேசியாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிற பையனுக்கும் அவன் அம்மா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வண்டியில் பையன், அப்பா, அம்மா, ரெண்டு மாமன்கள். ஒரு சீட்டு முழுக்கப் பழத்துக்கு.

ஏர்போர்ட் வாசலில் வடநாட்டுக் காவல்காரர் ஒருவர் பழத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், கையை ஆட்டிவிட்டார். லாரிக்காரர்களிடம் நானாகப் பொறுக்கிக்கொண்ட இந்தியில், இது வீட்டு மரத்துப் பழம், பெற்ற தாய் கொடுப்பது என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் கண் கலங்கினார். ஆனாலும் கூடாது என்றார். அந்த அம்மா பழத்தைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, பையனையே உள்ளே விடமாட்டேன் என்று காவல்காரர் சொல்லிவிட்டதுபோல் அழ ஆரம்பித்தார். "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று பையன் நெளிந்தான்.

அப்போதுதான் அவனுடைய விமானம் தாமதம் என்று சொன்னார்கள். பழத்தைப் பார்க்கிங்குக்கு உருட்டிக்கொண்டு போய், என் வண்டியில் கிடந்த அரிவாளால் பிளந்தோம். கைக்கு எண்ணெய் தடவிச் சுளை எடுத்து நீட்டினால், வாசனைக்கே பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய காவல்காரரும் வந்து நாலு சுளை தின்றார். பையனுக்கு அம்மாவே வாயில் ஊட்டிவிட்டார். இந்தத் தடவை அவன் நெளியவில்லை. கடைசிச் சுளை தீர்ந்தபோது விமானத்துக்கு நேரமாகிவிட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா சொன்னார்: "பழம் தீர்ற மட்டும் பொறுத்து நின்னானுங்களே, நல்ல மனசுக்காரனுங்க அந்தப் ப்ளேன்காரன்."

அந்தப் பையன் இப்போது எங்கே எந்தக் கட்டடத்தில் நிற்கிறானோ. இறக்கிவிட்ட பிறகு யாருடைய கதையும் நமக்குத் தெரிவதில்லை.

பின் சீட்டு

மல்லிகா வருகிற நாள் வந்தது. பத்தாவதோடு நின்றவன் நான்; ஏர்போர்ட்டுப் பலகையைப் பார்த்து எனக்கு நானே படித்துக்கொண்ட முதல் இங்கிலீஷ் வார்த்தை 'டிலேய்டு'. அன்றைக்கு அவளுடைய விமானத்துக்கு நேராக அதுவே நின்றது. விடியற்காலை வரவேண்டியவள் மத்தியானம்தான் வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள், நிறம் கூடியிருந்தது. நான் இருந்த பதட்டத்தில், கஸ்டமர்களுக்குக் காட்டுகிற மாதிரியே அவள் பெயரை எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெட்டியை வாங்கினேன், பின் கதவைத் திறந்துவிட்டேன். "ஏனுங்க, நான் என்ன வாடகைக்கா வந்திருக்கறேன்?" என்று அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் அந்த ஊரைப் பற்றியே பேசினாள். அங்கே ரோடு பாய் விரித்த மாதிரி இருக்குமாம். வீட்டுக்குள்ளேயே லிப்டாம். அந்த வீட்டில் அவள் வளர்த்த குழந்தை அவள் கையால்தான் சோறு தின்னுமாம். போட்டோ காட்டினாள். நல்ல குழந்தைதான். "ரெண்டு மாசம் எப்படித்தான் இருக்கப்போகுதோ" என்றாள். மலை ஏற ஆரம்பித்ததும், அடுத்த வளைவில் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். வளைவு வரும், ஸ்டியரிங்கைத் திருப்புவேன், வாயைத் திறக்காமல் அடுத்ததுக்குத் தள்ளுவேன். அப்படியே நாற்பது வளைவுக்கு மேல் தாண்டிவிட்டது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள். கதவைத் திறந்து ஓரத்துக்கு ஓடி, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். மலைமேல் டீக்கடைக்காரர் மகளாகப் பிறந்தவள் அவள். கல்யாணமான புதிதில் இதே ரோட்டில், பஸ் ஜன்னலில் தலையை விட்டுக்கொண்டு வந்தவன் அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரனாகிய நான். என் முதுகைத் தடவிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தவள் அவள். இப்போது நான் தண்ணீர் ஊற்றினேன், அவள் முகம் கழுவினாள். எலுமிச்சையைக் கீறி மூக்கருகில் பிடித்தேன். ஓரச் சுவரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல இதுவா நேரம் என்று நான் எலுமிச்சையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ஏனுங்க, இன்னொருக்கா இந்த ரோட்டுல கீழ எறங்கறதுக்கு என்னால ஆவாதுங்க. அந்த டிக்கெட்ட என்ன பண்ணோணுமோ நீங்களே பண்ணிக்கங்க."

இத்தனை வருச ஓட்டத்தில், வண்டியில் வந்தவர் வாந்தி எடுத்ததற்காக, இந்த ரோட்டை இப்படி வளைத்து வளைத்துப் போட்ட புண்ணியவானை நான் கையெடுத்துக் கும்பிட்டது அந்த ஒரு சாயங்காலம்தான்.