சத்தம் போடாத காருக்கு ஒரு பூட்டு

பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் தவணையில் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறோம். பூஜை போட இன்று இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போனோம்.

நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியதும், சாவியைப் பூச்சரத்தோடு காருக்குள்ளேயே வைத்துவிட்டு இறங்கினார் வீட்டுக்காரர்.

"சாவிய எடுங்க" என்றேன்.

"பூச போட்ட சாவிய ஒடனே எடுக்கக் கூடாது. கோயில் வாசல்ல எவன் திருடப் போறான்? சாமி பாத்துக்கிடும்."

"சத்தமே போடாத வண்டி. எவனாச்சும் ஓட்டிட்டுப் போனாக்கூட நமக்குக் கேக்காது. பூட்டாம நான் உள்ள வரமாட்டேன்."

முறைத்துக்கொண்டே சாவியை எடுத்துக் கொடுத்தார். நான் பூட்டப் போனேன்.

"செத்த பொறு" என்று ஓடி வந்து, தன் செருப்பைக் கழற்றிக் காருக்குள் வைத்தார்.

"வெளிய விட்டா எவனாச்சும் போட்டுட்டுப் போயிருவான்."

காருக்குச் சாமி காவல், செருப்புக்குக் கார் காவல். உங்கள் வீட்டிலும் இதே கணக்குதானா?