ஹெட்செட்டில் வந்த ரிப்போர்ட்

செத்துப் பிழைத்தேன் என்று சும்மா சொல்வோமே... போன மாதம் எனக்கு அது நிஜமாகவே நடந்தது. அதுவும் ஆகாயத்தில், ஒரு போன் காலால்.

பம்மலில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பன் பிரபாகர், ஐம்பதை நெருங்கும் வயதில் விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கியவன். ஊருக்கு வெளியே ஒரு ஃப்ளையிங் கிளப்பில், பழைய நாலு சீட் விமானம் ஒன்றை எடுத்து ஓட்டுவான். அன்று அவன் மனைவி மெர்சிக்கு முதல் பயணம். துணைக்கு நான்.

மெர்சிக்கு உயரம் என்றால் பயம். பாட்டு கேட்டுக்கொண்டே வந்தால் பயம் தெரியாது என்பது பிரபாகரின் யோசனை. ஆனால் அந்த விமானத்தில் புளூடூத்துக்கு எங்கே போவது? ஹெட்செட்டின் தடித்த பின்களோ நம் செல்போனில் நுழையாது. அதற்காகவே, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவும் உதவும் ஒரு சின்ன இன்டர்காம் பெட்டி வாங்கியிருந்தான். மூன்று ஹெட்செட்டையும் அதில் சொருகி, பக்கத்துத் துளையிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்றைத் தன் போனுக்குக் கொடுத்தான். அவ்வளவுதான், மூவர் காதிலும் பாட்டு.

மேலே ஏறினோம். கீழே ஏரிகள் மினுங்கின. மெர்சி கண்ணைத் திறந்தார். சிரிக்கக்கூடச் செய்தார்.

திடீரென்று பாட்டு நின்றது.

"ஹலோ, பிரபாகர் சாரா? ஹாஸ்பிடல்லேர்ந்து பேசறேன். உங்க ட்ரெட்மில் டெஸ்ட் ரிப்போர்ட்டை டாக்டர் பாத்துட்டார். ஹார்ட்ல பிளாக் இருக்கலாம்னு சொல்றார். இன்னிக்கே அட்மிட் ஆயிடுங்க. வண்டி எதுவும் ஓட்ட வேணாம்னார். ஹலோ... கேக்குதா சார்?"

ஒயர் மாட்டியிருந்தால் போன் தானாகவே அழைப்பை எடுத்துவிடும். பைக்கில் போகும்போது வசதி என்று அவன் அப்படி வைத்திருந்தான். ஃப்ளைட் மோடில் போட மறந்துவிட்டான். மூன்று ஹெட்செட்டிலும் அந்தக் குரல்.

எங்களில் விமானம் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

மெர்சி கத்தவில்லை. கையை நீட்டி அந்த ஒயரைப் பிடுங்கினார்.

"இப்ப நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல மெர்சி. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப திருப்புங்க. பேசிக்கிட்டே வாங்க. குரல் நின்னா எனக்குத் தெரியணும்."

ரேடியோவில் நிலைமையைச் சொல்லிவிட்டுத் திருப்பினான். வழியெல்லாம் மெர்சி எதையாவது கேட்டுக்கொண்டே வந்தார் — பையனின் ஹாஸ்டல், பட்டறைக்கு வர வேண்டிய மெஷின், கோவிலம்பாக்கத்தில் பார்த்த ஃப்ளாட். அவன் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினான். நான் அவன் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து என்ன தெரியும்? எனக்கே புரியவில்லை.

சக்கரம் தரையைத் தொட்டது. இன்ஜின் அடங்கியது. அதற்குப் பிறகுதான் மெர்சி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"டெஸ்ட் எடுத்ததை ஏன் சொல்லல?"

"ரிப்போர்ட் வந்தா பறக்க விடமாட்டாங்க. அதுக்குள்ள உன்னை ஒரு தடவையாவது மேல கூட்டிட்டுப் போயிடணும்னு..."

"கூட்டிட்டுப் போனீங்க. கீழ வராமப் போயிருந்தா? இந்த அண்ணாவும்தானே போயிருப்பாரு?"

அவன் இறங்கிக் காரை நோக்கி நடந்தான். கார் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். அடைப்பு இருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நலம். விமானம்தான்... டாக்டர்கள் சம்மதிக்கும்வரை கிடையாது.

வீட்டில் பயப்படுவார்களே என்று எத்தனை விஷயங்களை மறைக்கிறோம்? அதற்கு அன்பு என்று பெயர் வேறு.

போன வாரம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். காபியை நீட்டியபடி மெர்சி சொன்னார்:

"அண்ணா, உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லி வைங்க. இனிமே எதையாவது மறைக்கிறதா இருந்தா, தரையில இருக்கும்போது மறைக்கட்டும்."