ஹார்லனின் சட்டைத் துண்டு

விஸ்கான்சினில் பள்ளிப் பேருந்து ஓட்டும் லோர்னா, காது கிழிந்த ஓர் இளம் கலைமானை, வேட்டைக்காலமான நவம்பரில் இரண்டு வருடம் குறிபார்த்துவிட்டுச் சுடாமல் விட்டாள். கொம்பு முற்றட்டும் என்று பொறுத்தாள். மூன்றாம் வருடம் ஒரே குண்டில் சாய்த்தாள்.

இழுத்துவர உதவிக்கு வந்த பக்கத்து நிலத்துக்காரர் ஹார்லன், மானின் கிழிந்த காதைத் தொட்டுப் பார்த்தார்.

"அடடே, அவனேதான்! போன வருஷம் என் முன்னாடி இருபதடியில நின்னான்."

"நின்னவனைச் சுடத் தெரியாமத்தானே உங்க சட்டை போச்சு!"

குறி தப்பியவரின் சட்டைப் பின்னுனியை வெட்டி வேட்டைக்குடிலின் சுவரில் ஆணியடிப்பது அங்கே வழக்கம். போன வருடம் ஹார்லனின் சட்டையில் கத்திரி வைத்தவளே லோர்னாதான். வருடம் முழுக்கக் கேலியும் செய்தாள்.

"நீ அவனைச் சுடாம விட்டு வளர்த்தது எனக்குத் தெரியும்," என்றார் ஹார்லன். " அன்னிக்கு அவன் ரோட்டுப் பக்கமா நடந்தாம்மா. அங்க துப்பாக்கியோட நிக்கிறவனுங்க குட்டியைக்கூட விடமாட்டானுங்க. அதான் தரையில சுட்டு உன் பக்கம் விரட்டினேன்."

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா!"

"சொல்லியிருந்தா, நன்றி நன்றின்னு என் உயிரை எடுத்திருப்பே. விடு, சட்டை பழசுதான்."

லோர்னா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாதி இறைச்சியை அவர் வண்டியில் ஏற்றினாள். பிறகு குடிலுக்குள் போனாள். ஒரே குண்டில் சாய்த்தவள், தன் புதுச் சட்டையின் பின்னுனியை அதே கத்திரியால் வெட்டி, அவர் துண்டுக்குப் பக்கத்தில் ஆணியடித்தாள்.