அக்காவின் அறைக்கு வராத சூடு

"அக்காவைப் பத்தி நல்லவிதமா நாலு வார்த்தை எழுதிக் குடும்மா" என்று அத்தான் கேட்டார். எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்றேன். சரி என்றார். ஆகவே, முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, இதை அவர் சம்மதத்தோடுதான் வாசிக்கிறீர்கள்.

அக்கா கோவில்பட்டியில் பிறந்தார். எங்கள் தெருவில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த முதல் பெண். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று அன்று கேட்டவர்கள், இந்த நினைவு மலரில் அவருடைய சாம்பாரைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். திருமணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தவரை, வேலை பார்க்க அனுமதி தராத டிபெண்டென்ட் விசா பல ஆண்டுகள் வீட்டில் உட்கார வைத்தது. கிரீன் கார்டு வந்த பிறகு பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து மேலாளராக உயர்ந்தார். பிரிட்ஜ்வாட்டர் வீட்டை அத்தானோடு சேர்ந்து வாங்கினார். மகளைக் கல்லூரிக்கு அனுப்பினார். யார் வீட்டில் பிரசவம் என்றாலும் காரை எடுத்துக்கொண்டு முதலில் போய் நின்றார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாததை எழுதுகிறேன்.

அக்காவுக்குப் புற்றுநோய் என்றதும் அத்தான் ஆடிப்போய்விட்டார். ஊரிலிருந்து ஒரு வாஸ்து நிபுணர், வீடியோ காலிலேயே வீட்டைச் சுற்றிப் பார்த்து, கீழ் ஹாலின் ஈசானிய மூலை வெறுமையாக இருப்பதுதான் கோளாறு என்று கண்டுபிடித்தார். கப்பலில் ஆளுயரத் தேக்குப் பூஜை மண்டபம் வந்து இறங்கியது. அதைச் சுவரோடு ஒட்டி வைத்து, சாமி படங்களை ஏற்றிப் பூஜையும் போட்டாயிற்று. அந்தச் சுவரில்தான், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸுக்குக் காற்று திரும்பிப் போகும் வென்ட், பெரிய காற்றுத் துவாரம், இருந்தது.

குளிர்காலம் வந்து ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் வீடே தடதடத்தது. சூட்டுக் காற்று போகும் டக்ட் குழாய்கள் டமார் டமார் என்று அடித்துக்கொள்ள, எங்கிருந்தோ ஒரு விசில் வேறு. கீழே சமையலறை வெந்தது. மாடியில் கடைசியிலிருந்த அக்காவின் அறையில் கம்பளிக்குள்ளும் பல் கிட்டியது. கீமோவால் கை கால் ஏற்கெனவே சில்லிட்டுக் கிடந்தவர் அவர். கீழே படுத்தால் சத்தம் தூங்க விடவில்லை. சின்ன ஹீட்டர் வாங்கி வைத்தால் அந்த வறட்டுச் சூட்டில் இருமல் பிடுங்கியது. மெக்கானிக் வந்து ஃபில்டரை மாற்றிவிட்டு, புது ஃபர்னேஸ் போடுங்கள் என்று அத்தானிடம் சொல்லிவிட்டுப் போனார். ஹால் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் கெட்ட சக்தி இருக்கிறது, அதனால்தான் இந்தச் சத்தம் என்று சொந்தத்தில் ஒருவர் போனில் சொன்னார். உடனே மண்டபத்தின் முன் ஹோமம். ஸ்மோக் அலாரமும் சேர்ந்து கத்தியது. சிரிப்பு வருகிறதா? எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மார்கழியில் நான் குடியிருக்கும் சான் ஹோசேயிலிருந்து வந்திருந்த சமயம், அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு மெல்ல இறங்கி வந்தார். மண்டபத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒரு டிஷ்யூ பேப்பரைக் காட்டினார். விருட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா? ஃபர்னேஸ் காத்து கிடைக்காமத் தவிக்குது. மூச்சே இழுக்காம ஊதுன்னா எப்படிங்க ஊதும்? இதை அந்தப் பக்கச் சுவருக்கு மூவ் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார்.

"சாமியை வச்சாச்சும்மா. உனக்கு உடம்பு சரியில்லாத நேரத்துல நகத்தலாமா? உனக்காகத்தானே வச்சது" என்றார் அத்தான்.

"அப்பா, அம்மா இஸ் ஃப்ரீஸிங். ஜஸ்ட் மூவ் இட்!" என்று மகள் கத்தினாள்.

அத்தான் கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். அழுகிற மனிதரோடு யார் சண்டை போடுவது? நான் போட்டேன். நானும் மகளும் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. பக்கத்து வீடுகளில் ஆள் கூப்பிடக் கிளம்பினேன். "வெளியாளை வச்சு சாமியைத் தூக்குனா நான் இந்த வீட்டுலயே இருக்க மாட்டேன்" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார் அத்தான்.

அதற்குப் பிறகும் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கெஞ்சிக் கேட்டார், கோபித்தும் கேட்டார். பொறுமையின் சிகரம் என்று இந்த மலரில் பலர் எழுதியிருக்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை. குளிருகிறது என்று வாய்விட்டுச் சொன்னார், காரணத்தையும் சொன்னார். சொல்வது ஓர் இன்ஜினியர் என்று யாருக்கும் தோன்றவில்லை. நோயாளி ஏதோ புலம்புகிறார் என்று விட்டுவிட்டார்கள்.

தை மாதத்தில், அதே அறையில், கம்பளிகளுக்குள் கண்மூடினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அக்காவின் படத்தை வைக்க அந்த மூலைதான் தோது என்றார் ஐயர். தீட்டு வீட்டில் எப்படியும் பூஜை கிடையாது, மண்டபத்தைக் கராஜுக்குக் கொண்டுபோங்கள் என்றார். அத்தான் உடனே சரி என்றார். தெருவிலிருந்து நான்கு பேர் வந்தார்கள், தூக்கினார்கள், முடிந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தமும் நின்றது. படத்தின் முன் வைக்க அக்காவின் புடவையை எடுக்க மேலே போய்த் திரும்பிய அத்தான், மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேல அவ ரூம் கதகதன்னு இருக்குதும்மா" என்றார்.

அவருடைய அன்பை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அந்த அன்புதான் அக்காவைக் குளிரில் போட்டது என்பதையும் மறக்க மாட்டேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும், கீமோவுக்குக் காரில் அழைத்துப்போன தோழிகளுக்கும், ரசம் வைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மண்டபத்தைத் தூக்கிய நால்வருக்கும் நன்றி. கூப்பிட்ட உடனே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தீர்கள். மார்கழியில் கூப்பிட்டிருந்தாலும் இப்படித்தான் வந்திருப்பீர்கள். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.