மச்சானின் எட்டாவது பட்டிழை

தை பிறந்த மறுவாரம் நான் காஞ்சிபுரம் போனது சாமி கும்பிட அல்ல, மச்சான் ஏகாம்பரத்தைச் சென்னைக்கு இழுத்து வர. என் மனைவியின் அண்ணன். பட்டுக்குச் சாயம் போடுகிறவர். மஞ்சள் காமாலைக்கு மூன்று வாரமாகக் கீழாநெல்லி குடிக்கிறார், பெரிய ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். “உங்க வெட்டிப் பேச்சு ஒரு தடவையாவது உதவட்டும்” என்று மனைவி என்னை அனுப்பினாள்.

காலை ஐந்தே முக்கால் பஸ். எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், டிக்கெட் இரண்டு ரூபாய் நாற்பது காசு. பக்கத்து சீட் அம்மாளின் மருமகள் கதை இலவசம். பஸ் நிலையத்திலிருந்து மச்சான் வீடு இருக்கும் பிள்ளையார்பாளையத்துக்குக் குதிரை ஜட்கா, முக்கால் ரூபாய்.

மச்சான் பாதியாகியிருந்தார். காய்ச்சல், வலி எதுவும் இல்லை.

“வாங்க மாப்ளே. அரிப்புதான் தாங்கல. மத்தபடி குறைஞ்சிக்கினு வருது.”

“எது, இடுப்பா?”

சிரித்தபடி சுவரைக் காட்டினார். காமாலை இறங்குகிறதா என்று பார்க்க, சிறுநீரில் வெள்ளைத் துணியை நனைப்பார்கள். இவர் சாயக்காரர் இல்லையா, ஒரு வாரமாகத் தினம் ஒரு பட்டிழையை நனைத்து மாட்டியிருந்தார். ஏழு ஆணி, ஏழு மஞ்சள்.

“கடைக்காரர் கேட்டா, எது அழுத்தமான மஞ்சள்னு சொல்லுவீங்க மச்சான்?”

ஏழு இழைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுப்படியில் இருந்த மனைவியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “கடைசிதான்” என்றார் மெதுவாக. “எனக்குத் தெரியாதா? ராஜேஸ்வரி பயப்படுவாளேன்னு குறையுதுன்னு சொல்லிக்கினு இருக்கேன்பா.”

சட்டையைப் போட்டுக்கொண்டார்.

சென்னையில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம். ஐம்பது வருஷமாக நானும் ஒன்றைச் சுமக்கிறேன், இப்போதுதான் அறிமுகம். அதன் தலைப்பக்கத்தில் புற்றுக்கட்டி. பித்தம் இறங்கும் வழியை அடைத்திருந்தது. ரத்தக் குழாயைப் பற்றிவிட்டதால் வெட்டி எடுக்க முடியவில்லை. பித்தத்துக்கு மட்டும் குடலுக்கு மாற்று வழி போட்டார்கள். மஞ்சளும் அரிப்பும் போகும், கட்டி இருக்கும். மச்சான் கேட்டே தெரிந்துகொண்டார். மச்சானின் பீடியும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது என் சிகரெட் பெட்டி சட்டைப்பையில் கனத்தது.

மாசியில் அவரை ஊருக்குக் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் காலை எட்டாவது இழை தொங்கியது. ஏறக்குறைய வெள்ளை.

“வெளுத்துடுச்சு! நோய் போயிடுச்சு!” என்று ராஜேஸ்வரி கைகூப்பினாள்.

“சாயம்தான் போச்சும்மா. உட்காரு, சொல்றேன்.”

ஜட்கா பிடிக்கப் போகிறேன் என்று நழுவினேன். அது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

இதே காரியமாகப் போகிறவர்களுக்கு: ஜன்னல் சீட் நோயாளிக்கு. வலியில்லாத மஞ்சள், அரிப்பு, உடல் இளைப்பு, வெளிறிய மலம் என்றால் கீழாநெல்லிக்கு வாரக்கணக்கில் தவணை தராதீர்கள். சீக்கிரம் வந்தால் சிலருக்காவது கட்டியை எடுக்க முடியுமாம். சென்னை திரும்ப மாலை ஆறரைக்குப் பஸ் உண்டு. எட்டாவது இழை தொங்கிய அன்று, உள்ளே திரும்பிப் போய் அவர்களோடு உட்கார்ந்ததில் நான் அதைத் தவறவிட்டேன். நீங்களும் தவறவிடலாம்.